எட்டு மில்லிமீட்டர், நாலரை மில்லிமீட்டர்

வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குகிறவன் முதலில் விலங்கை நினைக்க வேண்டும், அடுத்துத் தோட்டாவை, கடைசியில்தான் துப்பாக்கியை என்று என் தாய்மாமா சொல்வார். 1960களில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்த எங்களுக்கோ அந்த வரிசை தலைகீழாகத்தான் அமைந்தது. லைசென்ஸில் எதை எழுதித் தருகிறார்களோ அந்தத் துப்பாக்கி. அதற்குக் கடையில் எது கிடைக்கிறதோ அந்தத் தோட்டா. அந்தத் தோட்டாவுக்கு எது விழுமோ அந்த விலங்கு. வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி துணியுறையில் சாய்ந்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அடுத்து நான் சொல்லப் போகும் எண்ணை நீங்களே சொல்லிவிடுவீர்கள்: .315.

கல்கத்தாவை ஒட்டிய இஷாப்பூரில், 1904 முதல் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துவந்த அரசாங்கத் தொழிற்சாலையில் பிறந்தது அது. பார்வைக்கும் கைக்கும் பட்டாளத்துக்காரர் தூக்கிய லீ-என்ஃபீல்டேதான். குழலின் விட்டம் மட்டும் வேறு, எட்டு மில்லிமீட்டர். ஏன் வேறு என்று கேட்டால் ஒரு சாம்ராஜ்யத்தின் பயத்தையே சொல்ல வேண்டியிருக்கும். 1857 சிப்பாய்க் கலகத்தை மறக்காத பிரிட்டிஷ்காரர்கள், தங்கள் சிப்பாயின் தோட்டா வெளியாள் எவன் துப்பாக்கியிலும் நுழைந்துவிடக் கூடாது என்று .303ஐக் குடிமக்களுக்குத் தடை செய்தார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்தது, இங்கே எந்தப் படையும் பயன்படுத்தாத ஆஸ்திரிய மன்லிஹர் தோட்டா. பெரிய துப்பாக்கிகளுக்கும் இதே கதைதான். யானைக்கும் காட்டெருமைக்கும் பேர்போன .450 வகையை 1907 வாக்கில் இந்தியாவுக்குள் வரவிடாமல் நிறுத்தினார்கள். எல்லைப்புற மலைகளில் இருந்தவர்கள் கையில் பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகள் இருந்தன, இந்தக் குண்டு அதற்கும் பொருந்தும் என்பது அச்சம். லண்டன் துப்பாக்கிக் கொல்லர்கள் அசரவில்லை. குழலை நூலளவு அகலப்படுத்தி .465 என்றும் .470 என்றும் .475 என்றும் பெயர் வைத்து விற்றார்கள். எங்கள் ஊர்ப் பன்றிக்கும் மைசூர்க் காட்டு யானைக்கும் எந்தத் தோட்டா என்பது, இப்படி அந்த விலங்குகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கலகத்திலும் ஓர் எல்லைச் சண்டையிலும் தீர்மானமாகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் .303க்கு இருந்த தடை போகவில்லை. ஆகவே மாமா கையிலும் .315 வந்து சேர்ந்தது.

ஆனால் விதி முடிவு செய்துவிட்டது என்பதற்காக நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோமா? திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவும், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரும், காட்டிலாகாவில் கார்டாக இருந்து கால் முறிந்து வீட்டோடு இருந்த பெரியவரும் உட்கார்ந்தார்களென்றால், விளக்கேற்றியது தெரியாது, சோறு ஆறியது தெரியாது. கடமானுக்கு .315 போதுமா, கரடி நேருக்கு நேர் எழுந்து நின்றால் ரைஃபிளை நம்புவதா, பன்னிரண்டு போர் ஷாட்கன்னில் எல்.ஜி. என்ற பெரிய ரவையைப் போட்டு நிற்பதா என்ற வாதம் ஒரு கேழ்வரகு வெள்ளாமை முழுக்க நடந்திருக்கிறது. அவர்களில் யாரும் வாங்கப் போவதில்லை, வாங்கவும் முடியாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சீமைத் துப்பாக்கி வருவதே அரிதாகியிருந்த காலம் அது. இருந்தும் ஒவ்வொருவரும் தம் கட்சியை விடவில்லை. சுபேதாருக்குப் பட்டாளத்து .303 தவிர உலகத்தில் வேறெதுவும் துப்பாக்கியே இல்லை. கார்டுப் பெரியவருக்கு முன்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் தெய்வம். வெடியுப்பும் கந்தகமும் கரியும் எந்தப் பக்குவத்தில் அரைபட வேண்டும், தேங்காய் நாரை எவ்வளவு இறுக்கிச் சலாகையால் இடிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லும்போது விரல்கள் தாமாகவே இடித்துக் காட்டும்.

இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் பதினாறு வயதில் நான் இருந்தேன். பெங்களூர்ப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பாக்கிப் பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. வரலாற்றுப் பாடத்தில் பானிப்பட்டு ஆண்டு நினைவில் நிற்காத எனக்கு, ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனி .375 மேக்னத்தைக் கொண்டு வந்தது 1912 என்பதும், அதன் குண்டு 300 கிரெயின், வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2,500 அடி என்பதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கிரெயின் என்றால் எவ்வளவு என்று அம்மா ஒருநாள் கேட்க, நான் கணக்குப் போட்டு, .470இன் 500 கிரெயின் குண்டு நாலு பவுன் எடை என்றேன். நாலு பவுனை யானைமேல் எறிகிறார்களா என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. புலியைக் காட்டில் ஒருதரமும் பார்க்காமலே புலிக்கு மென்முனைக் குண்டு, யானையின் மண்டைக்கு முனை மழுங்காத கெட்டிக் குண்டு என்று மூன்று கிழவர்களுக்கு எடுத்துச் சொன்ன அந்தப் பையனை எனக்கு இப்போதும் மிகவும் பிடிக்கும். அவர்கள் அவனை ஒருநாளும் அடக்கவில்லை; தலையாட்டிக் கேட்டார்கள்.

அதே வருஷங்களில்தான் கென்னத் ஆண்டர்சன் என் கைக்கு வந்தார். பெங்களூர் வேட்டைக்காரர், 1954இல் வந்த அவருடைய புத்தகத்தில் எங்கள் ஜவளகிரிப் புலி இருந்தது, நாங்கள் மாடு மேய்த்த ஓடைகளும் மூங்கில் புதர்களும் இங்கிலீஷில் இருந்தன. அவர் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல்: அடியில் இருக்கும் நெம்புகோலை விரல்களால் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோன அதே வகை. எங்கள் தாலுக்காவில் ஒரு பழைய மிட்டாதார் வீட்டில் அப்படியொன்று இருந்தது. பார்க்கவென்றே நடந்து போனேன். வால்நட் கட்டை, எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்த இரும்பு, பச்சைத் துணி விரித்த பெட்டி. அந்தத் துணியில் கைவிரல்களுக்குள் எண்ணக்கூடிய தோட்டாக்கள். புதிதாக வாங்க வழியில்லை. அமெரிக்காவில் செய்வதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆகவே அந்த வீட்டார் அதைச் சுடவே இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து எடுத்து வைப்பார்கள். பிற்பாடு, 2000த்தை ஒட்டி, அமெரிக்காவில் அந்தத் துப்பாக்கியையும் தோட்டாவையும் மறுபடி செய்யத் தொடங்கிய செய்தியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கு அந்தத் திண்ணையில் யாரும் மீதி இல்லை.

மாமா .315 வாங்கிய நாள் எனக்கு இன்னமும் தெளிவாகத் தெரியும். பெங்களூரில், மாடிப்படிக்குக் கீழே நீளமாக உள்ளே போகும் கடை. உள்ளே நுழைந்ததும் ஆளி விதை எண்ணெய் வாசனை. கடைக்காரர் ஒரே வகையில் நான்கைந்து துப்பாக்கிகளை மேசைமேல் கிடத்தினார். எல்லாம் ஒன்றுதானே என்று நான் நினைத்தேன். மாமா ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோய்க் கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம்தான் கண்ணைத் திறப்பார். திறந்தபோது பின்னால் உள்ள காடியில் முன்னால் உள்ள முனை தானாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தை ஒரு நூல் அசைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். நாலாவது எடுத்ததில் தலையை அசைத்தார். பிறகு அதன் பூட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றி, கதவுப்பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கக் குழலைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். பளபளப்பாக ஐந்தாறு வளையங்கள் திருகித் திருகி ஒரு காசளவு வெளிச்சத்தை நோக்கி ஓடின. லைசென்ஸ் புத்தகத்தில் வருஷத்துக்கு வாங்கலாமென்று எழுதியிருந்த அளவில் பாதிக்குத்தான் கையில் பணம் இருந்தது. கடைக்காரர் அதைப் பதிந்து முத்திரை வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது துப்பாக்கியை மாமா வைத்துக்கொண்டார். தோட்டாப் பெட்டி ஓசூர் தாண்டும்வரை என் மடியில் இருந்தது.

மாமாவிடம் இருந்த இன்னொன்றான இரட்டைக்குழல் ஷாட்கன்னின் பன்னிரண்டு போர்த் தோட்டாக்களோ தனி உலகம். பிளாஸ்டிக் உறை வருவதற்கு முந்தைய காலம். தடித்த தாளைச் சுருட்டி மெழுகேற்றிய உறை, அடியில் பித்தளைக் குல்லாய், வாயை மடித்து மூடிய வட்ட அட்டையில் உள்ளே இருக்கும் ரவையின் எண். காடைக்கு எட்டு, கவுதாரிக்கும் காட்டுக்கோழிக்கும் ஆறு, முயலுக்கு நாலு, பன்றிக்கு எல்.ஜி. ஐப்பசி மழையில் தாள் உறை ஈரம் குடித்து உப்பும். உப்பினால் குழலுக்குள் போகாது, போனால் சுட்ட பிறகு வெளியே வராது. அதனால் பரணுக்குக் கிளம்பும் முன்பு மாமா ஒவ்வொரு தோட்டாவையும் இரண்டு குழலிலும் போட்டு எடுத்துப் பார்ப்பார். தடையில்லாமல் தன் எடையிலேயே வழுக்கி விழுந்ததுதான் இடுப்புப் பைக்குப் போகும். மற்றவை மறுநாள் வெயிலில் முறத்தில் காயும். வலது குழலில் எல்.ஜி., இடது குழலில் ஒற்றைக் குண்டு. இருட்டில் கை தடுமாறாமல் இருக்க, குண்டுத் தோட்டாவின் உறையில் அத்தை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருப்பாள். சுட்ட உறையை மூக்கில் வைத்து இழுத்த வாசனையை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? கருகிய தாள், உருகிய மெழுகு, தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு, எல்லாம் சேர்ந்த ஒன்று. அந்த வாசனையைப் பிளாஸ்டிக் கொண்டுபோய்விட்டது. பிளாஸ்டிக் உறை மழைக்கு உப்புவதில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன். ஊர்ப் பையன்களுக்கு அந்த வெற்று உறைதான் ஊதல். வாயோரம் வைத்து ஊதினால் மலையில் எதிரொலிக்கும்.

இன்றைக்கு, வேட்டை அனுமதிக்கப்பட்ட தேசங்களில், ஒரு மான் நிற்கும் தூரத்தை லேசர் ஒளி அளந்து சொல்கிறது. காற்றும் குண்டின் எடையும் கொடுத்தால் கைபேசி எத்தனை அங்குலம் தூக்கிப் பிடிக்க வேண்டுமென்று கணக்குத் தருகிறது. அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுட என்றே தோட்டாக்கள் வந்துவிட்டன. பதினாறு வயதில் இதைக் காட்டியிருந்தால் நான் கிறங்கிப்போயிருப்பேன். இப்போது மனம் ஒப்பவில்லை. மாமாவின் .315க்கு இரும்புக் குறிதான். ஐம்பது கஜத்துக்கு மேல் அவர் விசையைத் தொட்டதில்லை. “தோட்டா தூரம் போவும் மாப்ளே, நம்ம கண்ணு போவாது” என்பார். ஆகவே மிச்சத் தூரத்தை நடந்தாக வேண்டும். காற்று எந்தப் பக்கமென்று சாம்பலை உதறிப் பார்த்து, சருகில் கால் வைக்கும் முன்பு விரலால் துழாவி, மயில் அகவினால் நின்று, நின்ற இடத்திலேயே ஒரு நாழிகை கொசுவுக்குக் கொடுத்து. அந்த நடையில் நான் கற்றுக்கொண்டது, குளம்படியில் விளிம்பு உதிர்ந்திருந்தால் எவ்வளவு பழசு, உரசிய மரத்தில் சேறு எந்த உயரம் என்பதெல்லாம், சுடாமல் திரும்பிய இரவுகளில் கற்றது. சுடாமல் திரும்பியதுதான் அதிகம். சக்தி குறைந்த துப்பாக்கியும் விலையுயர்ந்த தோட்டாவும் மனிதனை விலங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின. பக்கத்தில் போனவனுக்கு அதன் முகம் தெரிந்தது.

436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைத் தேடி 1907இல் ஜிம் கார்பெட் இறங்கியபோது அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகு தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அந்தப் புலிக்காக மாகாண லெப்டினென்ட் கவர்னர் அவருக்குப் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி. நாலு பவுன் குண்டுக்காரர்கள் கண்டால் சிரிக்கக்கூடிய மெல்லிய துப்பாக்கி. அதைத்தான் பின்னாளில் அவர் விரும்பித் தூக்கினார். திண்ணையில் இந்தக் கதையை நான் சொன்னபோது மாமா எதுவும் பேசாமல் உள்ளே போய்த் தம் .315ஐ எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் வாதங்கள் ஒரே வீச்சில் அர்த்தமிழந்தன. நான் அந்தச் சட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது வந்திராவிட்டால் எங்கள் மலையில் கடமானின் குரலைக் கேட்டவன் என்று சொல்லிக்கொள்ள என் தலைமுறையே கடைசியாக இருந்திருக்கும். நாங்கள் பரண் கட்டிய காடுகளெல்லாம் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயின. இப்போது கேழ்வரகு பால்பிடிக்கும் பருவத்தில் எங்கள் பக்கத்து வயல்களுக்கு யானைக் கூட்டம் வருகிறது. மாமா காலத்தில் இருந்ததைவிடப் பயம் அதிகம், தூக்கம் குறைவு. பன்றியாலும் அப்படியே. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாமென்று 2025இல் தமிழக அரசு அனுமதித்தது. எல்லையோரத்து உழவர் மூன்று கிலோமீட்டருக்குள்ளேதான் இருக்கிறார். அவருக்கு வேலியும் விழித்திருப்பதும்தான் மருந்து, இது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

துப்பாக்கியை விட்டவர்கள் எல்லாரும் காட்டை விட்டுவிடவில்லை. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. டேவிதார் ஒருகாலத்து வேட்டைக்காரர். அவரே மலையேறி வரையாடுகளைப் பின்தொடர்ந்து 1975இல் அவற்றைப் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றைச் செய்தார். அவரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7ஐ இப்போது தமிழ்நாடு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனோ வேறு வேறு பாகங்களைத் தாமே பூட்டிச் சேர்த்த ஒரு கனத்த கேமராவோடு யானைக்குப் பக்கத்தில் போனார். எந்த லென்ஸ், எந்தத் தூரம் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம், இது எங்கள் திண்ணைப் பேச்சின் பெரியப்பா பிள்ளை என்று தோன்றும்.

மாமாவின் .315 இன்று என் லைசென்ஸில் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்ததும் போய் மீட்டு வர வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2019இல் இரண்டாகிவிட்டதால் எங்கள் வீட்டுப் பழைய ஒற்றைக்குழல் போய்ச் சேர்ந்தது. இனிமேல் இந்த வீட்டில் துப்பாக்கிப் பேச்சு என்னோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

பேத்தி கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்து, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கினாள். நாலரை மில்லிமீட்டர் குழல். அரை கிராம் எடையுள்ள, தலை தட்டையான ஈயக் குண்டு. குறியின் நடுவில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். அறுபது முறை சுட வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. ஒரு விடுமுறைக்கு அவள் வந்து, குண்டுப் பெட்டிகளைக் கட்டிலில் பரப்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. தலையின் விட்டம் 4.49 என்று ஒரு பெட்டி, 4.50 என்று ஒன்று, 4.51 என்று ஒன்று. ஒரே கம்பெனிதான், பெட்டியில் எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை செய்ததும் வேறு வேறு. துப்பாக்கியை இறுக்கியில் பூட்டி, ஆள் கை படாமல், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சுட்டுப் பார்த்து, எதன் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ அந்தத் தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய தோழி போனில் வந்தாள். இருவரும் 4.49ஐயும் 4.50ஐயும் வைத்துக்கொண்டு, சோறு ஆறுவது தெரியாமல் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள்.

அடுத்த மாதம் குண்டு சோதனைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். அவள் 4.49 என்கிறாள். அவளுடைய குழல் நன்றாக ஓடிப் பழகியது, பெட்டிக்குப் பெட்டி அவள் பழகிச் சுட்ட ஓட்டைகளை நான் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன், 4.50தான் என்று நான் சொல்கிறேன், விட்டுக்கொடுப்பதாக இல்லை.